இடிபாட்டுக்குள் ஒரு அறுவை – புனேயிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

மழைக்காலம் வந்தால் புனே பேப்பர்களில் இரண்டு செய்திகள் தவறாமல் வரும். ஒன்று, கடக்வாஸ்லா அணை நிரம்பிவிட்டது என்பது. இன்னொன்று, எங்கேயோ ஒரு சுவர் விழுந்துவிட்டது என்பது. முதல் செய்தியைப் படித்துவிட்டு இந்த வருஷம் தண்ணீர்க் கஷ்டம் இல்லை என்று சந்தோஷப்படுவோம். இரண்டாவதைப் படித்து "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவோம். நானும் அப்படித்தான்.

2019 ஜூன் 29. நள்ளிரவு தாண்டிய நேரம். கோண்ட்வாவில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சுற்றுச்சுவர், பக்கத்தில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தவர்களின் தகரக் கொட்டகைகள் மேல் விழுந்தது. 15 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் பீகாரிலிருந்து வந்தவர்கள், குழந்தைகளும் உண்டு. 2022 பிப்ரவரி 3 இரவு எரவாடாவில் கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் கம்பிக்கூடு மொத்தமாகச் சரிந்து 5 தொழிலாளிகள் இறந்தார்கள். அவர்களும் பீகார்க்காரர்கள். மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்க கம்பிகளை ஒவ்வொன்றாக அறுக்க வேண்டியிருந்தது.

அந்தச் செய்தியைப் படித்தபோது ஒரு கேள்வி வந்தது. கம்பியை அறுக்க முடியாவிட்டால்? கான்கிரீட் தூணைத் தூக்க முடியாவிட்டால்? மனிதர் உயிரோடு இருக்கிறார், பேசுகிறார், கால் மட்டும் அடியில் மாட்டியிருக்கிறது. அப்போது என்ன செய்வார்கள்?

பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், சொல்லத்தான் மனசு வராது. காலை அறுத்து ஆளை எடுப்பார்கள். அங்கேயே, அந்தத் தூசிக்குள்ளேயே.

நான் பி.காம். படித்து பேங்கில் உத்தியோகம் பார்க்கிறவன், டாக்டர் இல்லை. ஆனால் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகு விட முடியவில்லை. இரண்டாம் உலக யுத்தத்து லண்டனில் தொடங்கி டாக்காவரை போகிற இந்தக் கதை, கடைசியில் நாம் தினமும் ஸ்கூட்டரில் கடந்துபோகிற புனே தெருக்களுக்கே வந்து சேர்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைக் கழுவிவிட்டு வரவும்.)

எப்போது அறுப்பார்கள்?

முதலில் ஒரு விஷயம். இது அவசரக்காரன் வேலை இல்லை. மீட்புக் குழுக்கள் கடைசியில்தான் இதற்கு வருவார்கள். ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்ப்பார்கள், கேஸ் கட்டரால் கம்பியை அறுப்பார்கள், அடியில் மண்ணைத் தோண்டிப் பார்ப்பார்கள். எதுவும் நடக்கவில்லை, அல்லது நடக்கிறவரை காத்திருக்க நேரம் இல்லை என்றால்தான் கத்தி.

நேரம் இல்லை என்றால் என்ன? மேலே மிச்சமிருக்கும் தளம் எந்த நிமிஷமும் விழலாம். தீ நெருங்கி வரலாம், தண்ணீர் ஏறலாம். அல்லது மாட்டிக்கொண்டவரின் நாடி இறங்கிக்கொண்டே போகலாம். இன்னொன்றும் உண்டு. கால் ஏற்கனவே முக்கால்வாசி துண்டாகி, வெறும் தோலிலும் சதையிலும் தொங்கிக்கொண்டிருக்கும்.

செய்முறை கேட்க எளிமையாகத்தான் இருக்கும். அறுக்கும் இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டு. கையில் டிரிப்ஸ். மயக்க மருந்து. தோல், சதை, கடைசியில் எலும்பு. முடிந்தவரை கீழே அறுக்க வேண்டும், அப்போதுதான் பின்னால் ஆஸ்பத்திரியில் மறுபடியும் செதுக்கிச் சரிசெய்ய மிச்சம் இருக்கும். காயத்தை அங்கே தைக்க மாட்டார்கள். சுற்றிக் கட்டி அப்படியே அனுப்பிவிடுவார்கள்.

எலும்பை அறுக்க ஒரு கருவி இருக்கிறது. ஜிக்லி ரம்பம் என்று பெயர். முறுக்கிய கம்பி, இரண்டு பக்கமும் கைப்பிடி. எலும்புக்கு அடியில் கம்பியை விட்டு இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டியதுதான். ரம்பத்தை வீசி அறுக்க இடமில்லாத பொந்துக்குள்ளும் இது வேலை செய்யும். கண்டுபிடித்தவர் லியோனார்டோ ஜிக்லி என்ற இத்தாலிய டாக்டர், 1894-ல். எதற்காகத் தெரியுமா? பிரசவத்துக்காக. குழந்தை வெளியே வர முடியாமல் தாய் தவிக்கும்போது இடுப்பெலும்பை அறுத்து வழி உண்டாக்குவதற்கு! அதுவும் ஒருவிதத்தில் மாட்டிக்கொண்ட உயிரை வெளியே எடுக்கிற வேலைதான்.

யுத்தம் கற்றுக்கொடுத்தது

இந்தக் கலை முதலில் வளர்ந்தது போர்க்களத்தில். நெப்போலியனின் தலைமை ராணுவ டாக்டர் டொமினிக் லாரே. காயம்பட்டவனைச் சண்டை முடிகிறவரை மைதானத்திலேயே போட்டு வைக்கிற பழைய வழக்கத்தை மாற்றி, குதிரை வண்டிகளில் உடனே தூக்கிவரும் "பறக்கும் ஆம்புலன்ஸ்" முறையை 1792-ல் தொடங்கியவர் இவர்தான். காலை எடுக்க வேண்டுமானால் முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் அழுகி உயிரையே கொண்டுபோகும் என்பது அவர் கட்சி. 1812-ல் ரஷ்யாவின் போரோடினோ சண்டையில் ஒரே நாளில் சுமார் 200 பேருக்குக் கை கால்களை எடுத்தார் என்று சொல்வார்கள். மயக்க மருந்து என்ற ஒன்றே இல்லாத காலம் அது.

மயக்க மருந்து வந்தது 1846-ல். அந்த டிசம்பரில் லண்டனில் ராபர்ட் லிஸ்டன் என்ற சர்ஜன் ஈதர் கொடுத்து ஒருவரின் காலை எடுத்தார். ஆனால் ஈதரை இடிபாட்டுக்குள் கொண்டுபோக முடியாது, எளிதில் தீப்பிடிக்கும். களத்தில் உண்மையான மாற்றம் வந்தது கீட்டமைன் வந்த பிறகுதான். 1962-ல் உருவாக்கி, 1970-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. இதன் சிறப்பு என்னவென்றால், வலி தெரியாது, ஆனால் மூச்சு பெரும்பாலும் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், ரத்த அழுத்தமும் சட்டென்று விழாது. மூச்சுக்குழாய் போட இடமில்லாத பொந்துக்குள் இதைவிட என்ன வேண்டும்?

மருந்து இருப்பது வேறு, கைக்குக் கிடைப்பது வேறு. 2009-ல் வன்னியில் என்ன நடந்தது என்று இதைப் படிக்கும் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போதுமான மயக்க மருந்து இல்லாமல் அங்கே கை கால்களை அகற்ற வேண்டியிருந்ததை 2011-ல் ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கையும் பதிவு செய்தது. லாரேயின் காலத்துக்கும் நம் காலத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம் ஒரு சின்ன மருந்துக் குப்பிதான்.

தூணைத் தூக்கியதும் செத்துப்போன மனிதர்கள்

எனக்கு அதிகம் ஆச்சரியம் தந்த பகுதி இது.

1940–41. ஜெர்மன் விமானங்கள் லண்டனில் குண்டு போட்டுக்கொண்டிருந்த காலம். இடிந்த வீடுகளுக்கு அடியிலிருந்து மணிக்கணக்கில் கிடந்தவர்களை எடுக்கிறார்கள். ஆள் தெளிவாக இருக்கிறார், பேசுகிறார், டீ கேட்கிறார். காலில் வீக்கம், அவ்வளவுதான். சில நாட்களில் சிறுநீர் நின்று செத்துப்போகிறார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் எரிக் பைவாட்டர்ஸ் என்ற இளம் டாக்டர் இதை உட்கார்ந்து ஆராய்ந்தார். 1941-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அப்போது தொடங்கிய ஆராய்ச்சியால் இன்று நமக்குத் தெரிவது இதுதான். பல மணி நேரம் நசுங்கிய தசை உள்ளேயே செத்து, அதிலிருக்கும் பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற புரதமும் அங்கேயே தேங்கும். மேலே பாரம் இருக்கும்வரை ரத்த ஓட்டம் இல்லை, அதனால் விஷமும் அங்கேயே நிற்கும். பாரத்தைத் தூக்கியதும் அத்தனையும் ஒரே நேரத்தில் உடம்புக்குள் பாய்கிறது. பொட்டாசியம் இதயத்தை நிறுத்தலாம். மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைத்துவிடும்.

அதாவது, அழுத்திக்கொண்டிருந்த அந்தப் பாரம்தான் அதுவரை விஷத்தையும் தடுத்துக்கொண்டிருந்தது. கேட்கவே விபரீதமாக இருக்கிறது இல்லையா?

இதனால்தான் இன்றைய மீட்புக் குழுக்கள் பாரத்தைத் தூக்குவதற்கு முன்பே, ஆள் உள்ளே கிடக்கும்போதே நரம்பில் சலைன் ஏற்ற ஆரம்பிக்கிறார்கள். 1988 டிசம்பரில் ஆர்மீனியா பூகம்பத்தில் பிழைத்து வந்தவர்களில் ஏராளமானவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் மெஷின்கள் போதாமல் போனது. பேரிடர் நடந்த இடத்துக்குச் சிறுநீரக டாக்டர்களையும் மெஷின்களையும் அனுப்ப உலக அளவில் ஒரு குழுவே அதன் பிறகுதான் உருவாயிற்று.

நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. சுவர் விழுந்த இடத்தில் அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் சேர்ந்து "ஏலேலோ" என்று தூணைத் தூக்குவது நம் ஊர் வழக்கம். விழுந்த சில நிமிஷங்களில் என்றால் அது புண்ணியம். பல மணி நேரம் நசுங்கிக் கிடந்தவர் என்றால், மருத்துவ உதவி வந்து டிரிப்ஸ் ஏற்றிய பிறகு தூக்குவதே நல்லது. எத்தனை மணிக்கு விழுந்தது என்ற தகவலை மீட்புக் குழுவுக்குச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது மிகவும் முக்கியம்.

மூன்று ஊர்கள், மூன்று கத்திகள்

யுத்தம் இல்லாத ஊர்களிலும் இது நடந்திருக்கிறது. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

லண்டன், 1975 பிப்ரவரி 28. மூர்கேட் ஸ்டேஷனில் காலை நேரச் சுரங்க ரயில் நிற்காமல் போய் முட்டுச்சுவரில் மோதியது. 43 பேர் பலி. முதல் பெட்டி நசுங்கியதில் ஒரு 19 வயதுப் பெண் போலீசும் இன்னொரு பயணியும் சேர்ந்து மாட்டிக்கொண்டார்கள். 12 மணி நேரத்துக்கு மேல் போராடியும் வழி இல்லை. கடைசியில் அந்தப் பெண்ணின் பாதத்தை அங்கேயே எடுத்தார்கள். அவர் வெளியே வந்த பிறகுதான் மற்றவரையும் எடுக்க முடிந்தது. அந்தப் பெண் பிழைத்தார். மற்றவர் சுமார் ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரம், 1995 ஏப்ரல் 19. அரசாங்கக் கட்டடத்தில் குண்டு வெடித்து 168 பேர் பலி. அடித்தளத்தில் தண்ணீருக்குள் ஒரு பெண், கால் கான்கிரீட்டுக்கு அடியில். ஆண்டி சல்லிவன் என்ற எலும்பு டாக்டர் அந்தப் பொந்துக்குள் ஊர்ந்து போனார். கொண்டுபோன அறுவைக் கத்திகள் மழுங்கிப்போக, தன் பாக்கெட்டில் இருந்த பேனாக்கத்தியால்தான் வேலையை முடித்தார். அந்தப் பெண் உயிரோடு வந்தார்.

டாக்கா பக்கத்தில் சவார், 2013 ஏப்ரல் 24. ராணா பிளாசா. துணி தைக்கும் கம்பெனிகள் இருந்த கட்டடம், 1,134 பேர் பலி. திருப்பூர்க்காரர்கள் இந்தச் செய்தியை எப்படிப் படித்திருப்பார்கள் என்று அடிக்கடி நினைப்பேன். அங்கே பல இடங்களில் டாக்டர் நுழையும் அளவுக்குப் பொந்து இல்லை, அல்லது நுழையத் துணிவு இல்லை. பக்கத்துக் கம்பெனித் தொழிலாளி ஒருவர் கையில் ஊசியையும் கத்தியையும் கொடுத்து உள்ளே அனுப்பினார் ஒரு டாக்டர். அவர்தான் மாட்டிக்கொண்ட பெண்ணின் கையை அறுத்து வெளியே எடுத்தார். வைத்தியம் படிக்காத மனிதர். அதற்குப் பிறகு அவர் எப்படித் தூங்கினாரோ!

மூன்று ஊரிலும் உயிர் பிழைத்தது உண்மை. ஆனால் மழுங்கிய கத்தியும் தையல் கம்பெனித் தொழிலாளியும் எதைக் காட்டுகிறார்கள்? யாரும் இதற்குத் தயாராக இல்லை என்பதைத்தான்.

புனேயின் கதை

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

1971 டிசம்பர். பங்களாதேஷ் யுத்தம். சில்ஹெட் பகுதியில் 5-வது கூர்க்கா ரைபிள்ஸின் 4-வது பட்டாலியன். அதில் மேஜர் இயான் கார்டோசோ. பம்பாயில் பிறந்தவர், நம் கடக்வாஸ்லா என்.டி.ஏ.வில் படித்தவர். பெயர் வாயில் நுழையாமல் கூர்க்கா ஜவான்கள் அவரை "கார்தூஸ் சாஹிப்" என்று கூப்பிடுவார்களாம் (கார்தூஸ் என்றால் தோட்டா).

ஒரு கண்ணிவெடியை மிதித்துவிட்டார். கால் சிதைந்துவிட்டது. மார்ஃபின் இல்லை, அறுவைக் கருவி இல்லை. தன் ஜவானிடம் குக்ரி கேட்டு, "அறு" என்றார். அவன் கை வரவில்லை. தானே வாங்கித் தானே அறுத்துக்கொண்டார். அதன் பிறகு அவருக்கு முறையாக ஆபரேஷன் செய்தவர் சிறைப்பட்டிருந்த ஒரு பாகிஸ்தான் ராணுவ சர்ஜன், மேஜர் முகமது பஷீர். இதையெல்லாம் கார்டோசோவே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையை வாட்ஸப்பில் வீரக் கதையாகப் பலர் அனுப்பியிருப்பார்கள். பொதுவாகக் குக்ரியோடு கதை முடிந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. அவர் வந்து சேர்ந்த இடம் புனே வானவடியில் இருக்கும் ஆர்டிஃபிஷியல் லிம்ப் சென்டர், அதாவது ராணுவத்தின் செயற்கைக் கால் மையம். அங்கே மரக்கால் பொருத்தி, நடக்கக் கற்று, ஓடக் கற்று, இரண்டு கால் இருப்பவர்களுடன் உடல்தகுதித் தேர்வில் போட்டி போட்டார். அப்படியும் பட்டாலியன் தலைமை தர மேலிடம் தயங்கியது. தளபதி ஜெனரல் ரெய்னா அவரை லடாக் கூட்டிக்கொண்டு போய், மலையில் அவர் நடப்பதைப் பார்த்த பிறகுதான் சம்மதித்தார். செயற்கைக் காலோடு பட்டாலியனுக்கும், பிறகு பிரிகேடுக்கும் தலைமை தாங்கிய முதல் இந்திய அதிகாரி அவர்தான். மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றார்.

அந்த மையம் 1944-ல், இரண்டாம் உலக யுத்தத்தில் கால் கை இழந்த சிப்பாய்களுக்காகத் தொடங்கியது. அதற்கும் முன்னால், முதல் உலக யுத்தக் காலத்தில் 1917-ல் பம்பாயில் தொடங்கி பிறகு கட்கிக்கு வந்தது குயின் மேரிஸ் டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட். ஊனமுற்ற சிப்பாய்களுக்குக் கைத்தொழில் கற்றுத் தருகிற இடம். ராணுவ டாக்டர்களை உருவாக்கும் ஏ.எஃப்.எம்.சி. 1948-லிருந்து இங்கேதான். 2006-ல் தேசிய பேரிடர் மீட்புப் படை உருவானபோது அதன் 5-வது பட்டாலியனும் தளேகாவ் பக்கம் சுதும்பரேயில் அமைந்தது. (நம் அரக்கோணத்தில் இருப்பது 4-வது பட்டாலியன்.)

2014 ஜூலை 30 அன்று இதே மாவட்டத்தின் மாளின் கிராமத்தை மலைச்சரிவு மூடியபோது தோண்டியவர்கள் இவர்கள்தான். 151 பேர் பலி. அங்கே கத்திக்கு வேலையே இல்லை. கான்கிரீட் காலைப் பிடித்துக்கொள்ளும், முகத்தருகே காற்றுக்கு இடம் விடும். ஈர மண் ஆளையே மூடிவிடும். அதே ஆண்டு ஜூன் 28-ல் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்தபோது 61 பேர் இறந்தாலும் 27 பேரை உயிரோடு எடுக்க முடிந்தது இதனால்தான்.

ஆக, இடிபாட்டில் தேடும் ஆள், அறுக்கும் டாக்டர், அறுத்த பிறகு கால் கொடுக்கும் மையம், தொழில் கற்றுத்தரும் பள்ளி, நான்கும் ஒரே ஊரில். இந்தியாவில் இப்படி நான்கும் சேர்ந்த ஊர் வேறு எனக்குத் தெரியவில்லை.

யார் கையெழுத்துப் போடுவது?

பேங்க்காரன் புத்தி, கையெழுத்தைத்தான் முதலில் பார்க்கும். ஆஸ்பத்திரியில் சின்ன ஆபரேஷனுக்கே சொந்தக்காரர் கையெழுத்து கேட்பார்கள். இடிபாட்டுக்குள் கிடப்பவருக்கு யார் போடுவது?

1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டம் இதை யோசித்து வைத்திருந்தது. பிரிவு 92. சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவருக்கு, சம்மதம் தரக்கூடியவர் யாரும் உரிய நேரத்தில் இல்லாதபோது, அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமாகாது. அதற்குக் கொடுத்த உதாரணங்கள் இன்னும் சுவாரசியம். ஒருவரைப் புலி தூக்கிக்கொண்டு போகிறது, காப்பாற்றச் சுடுகிறீர்கள், குண்டு அவர் மேலேயே பட்டுவிடுகிறது, குற்றமில்லை. விபத்தில் சிக்கிய குழந்தைக்கு உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் உயிர் போகும், பெற்றோரைக் கேட்க நேரமில்லை, குழந்தை வேண்டாம் என்று கெஞ்சினாலும் சர்ஜன் செய்கிறார், குற்றமில்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது இதே விதி பிரிவு 30 ஆயிற்று.

ஆனால் நினைவோடு இருக்கும் பெரியவர் விஷயம் வேறு. அவரைக் கேட்டாக வேண்டும். வேண்டாம் என்றால், அவர் தெளிவாக இருக்கும்வரை, வேண்டாம்தான்.

இங்கேதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. கோண்ட்வாவிலும் எரவாடாவிலும் மௌலிவாக்கத்திலும் அடியில் கிடந்தவர்கள் யார்? பெரும்பாலும் ஊரை விட்டு வந்த கூலிக்காரர்கள். டாக்டர் மராத்தியில் பேசுவார். கிடப்பவருக்குப் போஜ்புரிதான் தெரியும். "உன் காலை எடுக்கணும், சம்மதமா?" என்று எந்த மொழியில் கேட்பது? அவர் மனைவி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறாள். நாமும் வெளியூர்க்காரர்கள்தான். என்ன, நமக்கு ஆதார் கார்டும் ஆபீசும் சொசைட்டியும் இருக்கிறது. ஆனால் நம் தாத்தா காலத்தில் மலேயாவுக்கும் சிலோனுக்கும் கப்பல் ஏறியவர்களை நினைத்துப் பாருங்கள்.

காலின் விலை

எனக்குத் தெரிந்த கணக்கு இது. 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஒரு அட்டவணை உண்டு. எந்த இடத்தில் அறுத்தால் சம்பாதிக்கும் சக்தி எத்தனை சதவீதம் போகிறது என்று சென்டிமீட்டர் கணக்கில் போட்டிருக்கும். இடுப்போடு போனால் 90. முழங்காலுக்குக் கீழே 8.89 சென்டிமீட்டருக்கு மேல் மிஞ்சினால் 50. கைக் கட்டைவிரல் போனால் 30.

30 வயதுத் தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். 2020 ஜனவரியில் வைத்த உச்சவரம்பு மாதம் 15,000 ரூபாய். அதில் 60 சதவீதம் 9,000. அந்த வயதுக்கான காரணி 207.98. பெருக்கினால் 18,71,820. இடுப்போடு போனவருக்கு அதில் 90 சதவீதம், 16,84,638. முழங்கால் மிஞ்சியவருக்கு 50 சதவீதம், 9,35,910. (இந்தச் சட்டம் பிற்பாடு 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது.)

காகிதத்தில் பார்த்தால் முழங்காலைக் காப்பாற்றிய டாக்டர் அந்த ஆளுக்கு ஏழரை லட்சம் "நஷ்டம்" வைத்திருக்கிறார்! ஆனால் முழங்கால் மிஞ்சியவர் செயற்கைக் காலோடு எவ்வளவோ சுலபமாக நடப்பார், ஏணி ஏறுவார், மறுபடி வேலைக்குப் போவார். எந்த லெட்ஜரிலும் அதை எழுத இடமில்லை. இருட்டில் ஊர்ந்து போய், தலைக்கு மேல் கான்கிரீட் ஆடிக்கொண்டிருக்கும்போது, இன்னும் நான்கு அங்குலம் கீழே அறுக்கலாமா என்று பார்க்கிற அந்த மனிதருக்கு மட்டும்தான் அது தெரியும்.

2023 பிப்ரவரியில் துருக்கி பூகம்பத்துக்கு நம் ராணுவத்தின் 60 பாரா ஃபீல்டு ஹாஸ்பிடல் போனது. 99 பேர். இஸ்கெந்தெருன் என்ற ஊரில் சுமார் 3,600 பேருக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வந்தார்கள். நம்மால் முடியும் என்பதற்கு இது போதும். துருக்கிக்குப் போக முடிந்த அந்தத் தயார்நிலை, எரவாடாவில் கம்பிக்கு அடியில் கிடக்கும் ஒருவனுக்கும் அதே வேகத்தில் கிடைக்க வேண்டும்.

அதற்கு நம்மைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ரிஜிஸ்டர். உங்கள் சொசைட்டியிலோ பக்கத்து மனையிலோ கட்டட வேலை நடந்தால், உள்ளே தங்கியிருப்பவர்கள் பெயர், ஊர், பேசும் மொழி, வீட்டு போன் நம்பர், இதை எழுதிய ஒரு நோட்டு வாட்ச்மேனிடம் இருக்கிறதா என்று கமிட்டியில் கேளுங்கள். உள்ளே எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் தேடுவதை எப்போது நிறுத்துவது என்று தெரியும். யாரோடு எந்த மொழியில் பேச வேண்டும் என்றும் தெரியும். எங்கள் சொசைட்டி கமிட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது, அஜெண்டாவில் இதைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்க்கிங் தகராறுக்கு அடுத்த ஐட்டமாக வைத்திருக்கிறார்கள். பார்ப்போம்.